பூனைகளின் கொரோனா வியாதியும், அது உருமாறும் விதமும்

குடியானவர் வீட்டில் உழவு மாட்டிற்கும் கறவைப் பசுவிற்கும் உள்ள மதிப்பு பூனைக்கு இல்லை. அதற்கென்று தீவனம் வாங்குவோர் அரிது. அது நோயுற்றால் வைத்தியரிடம் கொண்டு செல்வோரும் சிலரே. ஆயினும், நெல்லையும் விதை மணிலாக்கொட்டையையும் வீட்டில் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதன் பிரயோஜனத்தை நன்கு அறிவார்கள். விஷம் வைத்து எலியைக் கொல்லும்போது குழந்தைகளுக்கும் கோழிகளுக்கும் அபாயம் நேராமல் காக்க வேண்டியிருக்கிறது. பூனைக்கு அந்தக் கவலை இல்லை. அது இரவெல்லாம் காவல் காத்துக் கூலி கேட்பதில்லை.

2021ஆம் வருஷம் ஆடி மாதத்தில், மணிலா விதைநேர்த்தியைச் செய்து காட்டும் பொருட்டுத் திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். அங்கு ஒரு குடியானவர் தம் விதை மூட்டைகளை அவிழ்த்துக் காட்டினார். மூன்று மூட்டையில் ஒன்றேகால் மூட்டை அளவுக்கு எலி கடித்த கொட்டையும் வெறும் தோலுமாக இருந்தது. "பூனை வளர்ப்பதில்லையா?" என்று கேட்டேன். "ஆறு பூனைகள் இருந்தன ஐயா. இரண்டு குட்டிகள் வயிறு ஊதிச் செத்துப் போயின. வண்டலூரில் சிங்கங்களே கொரோனாவால் செத்தன என்று பேப்பரில் போட்டிருந்தான். நமக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டிக் கொள்ளுமே என்று பயந்து, மற்ற நான்கையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கிரிவலப் பாதையில் விட்டுவிட்டேன்" என்றார்.

அவர் செய்த தவறு அச்சத்தால் நேர்ந்தது. பெயர் ஒன்றாயிருப்பதால் இரு வேறு வியாதிகளை அவர் ஒன்றென்று எண்ணிவிட்டார். இவ்வாறு எண்ணுவோர் நம்மில் இன்னமும் பலர் உண்டு. ஆகையால் பூனைகளுக்கு வரும் கொரோனா வியாதி யாது, அது எவ்வாறு பரவுகிறது, ஏன் சில பூனைகளை மட்டும் கொல்கிறது, குடியானவர் செய்யத் தக்கது என்ன என்பவற்றை இங்கு எடுத்துரைக்கிறோம்.

கொரோனா வைரஸ்கள் பல

வைரஸ் என்பது சாதாரண பூதக்கண்ணாடிக்கும் புலப்படாத மிக நுண்ணிய கிருமி. அது தானே பெருக மாட்டாது. ஒரு ஜீவனின் உடலிலுள்ள நுண்ணறைக்குள் புகுந்து, அதைக் கொண்டே தன்னைப் போன்ற பிரதிகளை உண்டாக்கிக் கொள்ளும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது சில வைரஸ்களின் மேற்புறம் முழுவதும் முட்கள் நின்று, கிரீடம் சூட்டியதுபோல் காணப்பட்டது. அதுபற்றி அவ்வகுப்புக்குக் கொரோனா என்று பெயரிட்டனர்.

இவ்வகுப்பு 2019ஆம் வருஷத்தில் புதிதாய்த் தோன்றியதன்று. கோழிகளுக்கு மூச்சுத் திணறலையும் முட்டைக் குறைவையும் உண்டாக்கும் ஒரு கொரோனா வியாதி 1931ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. இளங்கன்றுகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் கொரோனா வைரஸ் ஒன்று உண்டு. பன்றிக்கும் நாய்க்கும் பூனைக்கும் தனித்தனியே உண்டு. மனிதர்களுக்கு வரும் ஜலதோஷங்களில் சிலவும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே.

துவரையும் அவரையும் ஒரே குடும்பத்துப் பயிர்கள். அதனால் துவரையை விதைத்து அவரையை அறுக்க முடியுமா? அதுபோலவே இவ்வைரஸ்களும். இவற்றைச் சாஸ்திரிகள் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என நான்கு பிரிவுகளாக வகுத்திருக்கின்றனர். பூனைக்கே உரிய கொரோனா வைரஸ் ஆல்பா பிரிவைச் சேர்ந்தது; நாயின் வைரஸும் பன்றியின் வைரஸ்களில் சிலவும் அதற்கு நெருங்கிய உறவு. 2020ஆம் வருஷம் முதல் உலகை வருத்திய கோவிட் வைரஸ் பீட்டா பிரிவைச் சேர்ந்தது. பூனைக்கு உரிய வைரஸ் மனிதர்க்கு வியாதி உண்டாக்குவதில்லை. இந்த ஒரு செய்தியை அந்தக் குடியானவர் அறிந்திருந்தால் அவருடைய விதை தப்பியிருக்கும்.

வண்டலூர்ச் சிங்கங்களுக்கு வந்தது எது?

சிங்கமும் புலியும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2021ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், சென்னைக்கு அருகே வண்டலூரிலுள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சில சிங்கங்கள் இருமலுற்றுத் தீனி குறைந்தன. பதினொரு சிங்கங்களிடமிருந்து மாதிரிகள் எடுத்துப் போபாலிலுள்ள உயர்பாதுகாப்புக் கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினர். அவற்றுள் ஒன்பதில் கோவிட் வைரஸ் இருப்பது தெரிந்தது. நீலா என்னும் ஒன்பது வயதுப் பெண் சிங்கம் ஜூன் 3ஆம் தேதியும், பத்மநாதன் என்னும் பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் ஜூன் 16ஆம் தேதியும் இறந்தன.

நான்கு சிங்கங்களிடமிருந்து எடுத்த வைரஸின் மரபுத் தொடரை அந்நிலையத்தார் முழுவதும் படித்துப் பார்த்தபோது, அது பி.1.617.2 என்னும் வமிசம் என்று கண்டனர். உலக சுகாதார ஸ்தாபனம் டெல்டா என்று பெயரிட்டதும், அதே மாதங்களில் நம் மக்களிடையே பரவியதும் அதுவே. கூண்டிலும் வேலிக்குள்ளும் அடைபட்ட சிங்கத்தை அது அடைய, மனிதரையன்றி வேறு வழி காண்பதற்கில்லை. ஆகவே, இங்கு வியாதி சென்ற திசை மனிதரிடமிருந்து மிருகத்துக்கு. வீட்டுப் பூனைகளுக்கும் கோவிட் பெரும்பாலும் வீட்டாரிடமிருந்தே வந்தது. பூனையிலிருந்து மனிதருக்கு அது ஒட்டியது மிக அபூர்வம். 2021ஆம் வருஷம் தாய்லாந்தில் ஒரு கால்நடை வைத்தியருக்கு அவ்வாறு நேர்ந்தது எனப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பூனைக்கும் அது தன் வீட்டாரிடமிருந்து வந்ததே.

நமது குடியானவரின் குட்டிகள் வயிறு ஊதி இறந்தனவல்லவா? அது கோவிட்டின் குறியன்று. பூனைக்கே உரிய கொரோனா வைரஸின் குறி. இனி அதைப் பற்றிக் காண்போம்.

பரவும் விதம்

இவ்வைரஸ் பூனையின் குடலில் வசிப்பது. பூனையின் மலத்தோடு வெளிவந்து, பிற பூனைகளின் வாய் வழியாக உட்புகும். பூனைகள் மண்ணைப் பறித்து மலத்தை மூடும் வழக்கமுடையவை. பல பூனைகள் ஒரே மணற்குவியலையோ சாம்பற்குவியலையோ உபயோகிக்கும்போது காலிலும் மயிரிலும் கிருமி ஒட்டிக் கொள்ளும். பிறகு பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கையில் அது வயிற்றுக்குள் போகும். காய்ந்த இடத்தில் இக்கிருமி ஏழு வாரம் வரை கூட உயிரோடிருக்கக் கூடும்.

தாய்ப்பாலின் மூலம் பெற்ற காப்புச் சக்தி, குட்டிகளை ஐந்தாறு வாரம் வரை காக்கும். அது குறைந்தவுடன் குட்டிகளுக்குத் தொற்று ஏற்படும். பூனைகள் பல கூடி வாழும் இடங்களில் பத்துக்கு எட்டு ஒன்பதாவது இதற்கு ஆளாகியிருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றிற்கு நாலு நாள் கழிச்சல் இருக்கும், அல்லது அதுவும் இராது. சில பூனைகள் வாரக் கணக்கில் கிருமியை வெளியிட்டுப் பின் தேறிவிடும். சில பூனைகள் ஆயுள் முழுவதும் வெளியிட்டுக் கொண்டேயிருக்கும். இவ்வளவில் நின்றால் இதை ஒரு வியாதியென்று பேசவே வேண்டுவதில்லை. தொற்றிய பூனைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மட்டும் கொடிய வியாதி தோன்றி இறக்கின்றன. அது ஏன்?

உருமாறும் விதம்

பழைய நாளில் கிராமக் கணக்கர் அடங்கலைக் கையால் நகல் எடுப்பார். நூறு பக்கம் எழுதினால் எங்காவது ஓர் எழுத்துப் பிழை நேரும். அந்த நகலைப் பார்த்து இன்னொருவர் நகல் எடுத்தால் முதற் பிழையோடு இரண்டாவது பிழையும் சேரும். பெரும்பாலான பிழைகளால் கேடில்லை. ஆனால், 'நஞ்சை' என்பது 'புஞ்சை' என்று ஆகிவிட்டால் வரியே மாறிவிடும்.

பூனைக் கொரோனா வைரஸின் மரபு ஏடு ஏறக்குறைய 29,000 எழுத்துக்கள் கொண்டது. அது ஆர்.என்.ஏ. என்னும் பொருளால் ஆனது. வைரஸ் பெருகும்போதெல்லாம் இவ்வேட்டைப் பிரதி செய்ய வேண்டும். பிரதி செய்யும்போதெல்லாம் பிழைகள் நேரும். அதனால் ஒரே பூனையின் வயிற்றிலும் சிறுசிறு வேறுபாடுள்ள வைரஸ்கள் கூட்டமாய் இருக்கும். ஒரு வீட்டுப் பூனைகளிடம் உள்ளது அடுத்த ஊர்ப் பூனைகளிடம் உள்ளதற்குச் சற்று வேறாயிருக்கும். நாட்டு நெல் ஊருக்கு ஊர் வேறுபட்டு நிற்பது போன்றதே இது.

இப்பிழைகளுள் சில, வைரஸின் முள்ளை ஆக்கும் பகுதியில் விழுகின்றன. முள் என்பது, வைரஸ் எந்த நுண்ணறையின் கதவைத் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் சாவி. அது மாறினால், குடலில் மட்டும் வசித்த வைரஸ், இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்குள் புகுந்து பெருகும் சக்தியைப் பெறுகிறது. உடலைக் காக்க வேண்டிய அவ்வணுக்களே கிருமியைச் சுமந்து கொண்டு வயிறு, ஈரல், கண், மூளை எங்கும் கொண்டு சேர்க்கின்றன. 2012ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இறந்த பூனைகளின் வைரஸ்களில் மிகுதியானவை முள்ளின் இரண்டு குறிப்பிட்ட இடங்களில் ஒன்றில் மாறியிருக்கக் கண்டனர். 29,000 எழுத்தில் ஓரெழுத்து மாறுவதால் விருந்தாளி கொலைகாரனாகி விடக்கூடும்.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. இவ்வாறு மாறிய வைரஸ் சாதாரணமாக அந்தப் பூனையின் உடலுக்குள்ளேயே நின்று அதனோடு அழிகிறது, மற்றொன்றுக்கு ஒட்டுவதில்லை. பூனைக்குப் பூனை பரவுவது சாதுவான குடல் வைரஸே. அது எத்தனை பூனைகளில் எத்தனை முறை பெருகுகிறதோ, அத்தனைக்கத்தனை தீய பிழை விழுவதற்கு இடம் உண்டாகிறது. எனவே நெருக்கமும் அசுத்தமுமே இவ்வியாதியின் வேர்.

மற்றொரு மாறுதலும் உண்டு. பூனைக் கொரோனா வைரஸில் முதல் வகை, இரண்டாம் வகை என இரு வகைகள் உள்ளன. உலகின் பெரும் பகுதியில் காண்பது முதல் வகையே. ஒரே நுண்ணறைக்குள் பூனையின் வைரஸும் நாயின் வைரஸும் ஒருங்கே புகும்போது, இரண்டு ஏடுகளின் பக்கங்கள் ஒன்றோடொன்று கலந்து தைக்கப்பட்டதுபோல் புதிய வைரஸ் பிறக்கிறது. இரண்டாம் வகை இவ்வாறு பிறந்ததே. அதன் முள் நாயின் வைரஸுக்கு உரியது.

சைப்ரஸ் தீவில் நேர்ந்தது

2023ஆம் வருஷத்தில், மத்தியதரைக் கடலிலுள்ள சைப்ரஸ் தீவில் பூனைகள் திரளாக நோயுற்று இறந்தன. அத்தீவில் தெருப்பூனைகள் மிகுதி. இறந்தவற்றின் வைரஸை ஆராய்ந்தபோது, பூனைக் கொரோனா வைரஸும், உடலெங்கும் பரவும் தன்மையுள்ள ஒரு வகை நாய்க் கொரோனா வைரஸும் கலந்து புதிதாய் உண்டானது என்று தெரிந்தது. மேலே கூறிய பொது விதிக்கு மாறாக, இது பூனைக்குப் பூனை நேரே ஒட்டியது. அதனாலேயே அவ்வளவு விரைவாகப் பரவிற்று. மனிதரின் கோவிட்டுக்கென்று சேமித்து வைத்திருந்த மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்நாட்டு அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அனுமதித்தது.

அத்தீவின் செய்தி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நமது ஊர் க்ஷேத்திரம். பௌர்ணமி தோறும் வந்து மலையை வலம் வருவோர் கணக்கற்றவர். 14 கிலோமீட்டர் பாதையின் இருமருங்கும் அன்னதானம் நடைபெறும். எச்சில் இலை விழும் இடத்தில் நாயும் பூனையும் கூடும். வீட்டில் வேண்டாத குட்டிகளை அங்கே கொண்டு விட்டால் எப்படியும் பிழைத்துக் கொள்ளும், பாவமும் சேராது என்று பலர் எண்ணுகின்றனர். பல வீட்டுப் பூனைகளின் பல வகைக் கிருமிகளை நாய்களின் கிருமிகளோடு ஓரிடத்தில் சேர்ப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. மேலும், இடம் மாற்றுவதாலும் பட்டினியாலும் பயத்தாலும் பூனையின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் அதன் குடலிலுள்ள சாது வைரஸ் மிகுதியாய்ப் பெருகி உருமாறுகிறது. சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவது வியாதியை ஒழிப்பதாகாது, அதை வளர்ப்பதாகும்.

வியாதியின் குறிகள்

உருமாறிய வைரஸால் வரும் வியாதி பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட பூனைகளையே பற்றும். முதலில் தீனி குறையும், காய்ச்சல் விடாது நிற்கும், சாதாரண மருந்துக்கு அது கட்டுப்படாது, உடல் இளைக்கும். பிறகு இரண்டு விதமாய் முற்றும். ஒன்றில், வயிற்றில் மஞ்சள் நிறமான, பிசுபிசுப்புள்ள நீர் கோத்து மகோதரம்போல் பெருக்கும். சிலவற்றில் மார்பில் நீர் கோத்து மூச்சு வாங்கும். மற்றொன்றில் நீர் கோப்பதில்லை. கண் கலங்கும், நடை தள்ளாடும், காமாலை காணும். சிகிச்சையில்லாவிடில் அநேகமாய் எல்லாம் இறக்கும்.

அமெரிக்காவில் 1963ஆம் வருஷத்தில் இவ்வியாதி முதன்முதல் விவரிக்கப்பட்டது. அன்று முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு மருந்தில்லை என்றே வைத்தியர்கள் கைவிட்டிருந்தனர். 2019ஆம் வருஷத்தில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளையில் நீல்ஸ் பெடர்சனும் அவர் கூட்டாளிகளும், ஜி.எஸ். 441524 என்னும் மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினர். மனிதரின் கோவிட்டுக்குக் கொடுக்கப்பட்ட ரெம்டெசிவிர் உடலுக்குள் சென்று மாறுவதும் இப்பொருளாகவே. ஆயினும் குறைந்தது பன்னிரண்டு வாரம் நாள்தோறும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே சிகிச்சை உண்டு என்றாலும், அது எளிய குடும்பத்துக்குப் பாரமே. நம்பத்தக்க தடுப்பூசியும் இல்லை. இரத்தப் பரீட்சையில் 'கொரோனா' என்று வந்த மாத்திரத்தில் பூனை சாகப் போகிறதென்று எண்ணவும் வேண்டாம். சாது வைரஸ் தொற்றிய பூனைக்கும் அப்பரீட்சை அவ்வாறே காட்டும்.

குடியானவர் அனுஷ்டிக்க வேண்டியவை

1. களஞ்சியக் காவலுக்கு இரண்டு பூனைகள் போதும். மூன்றுக்கு மேல் ஓரிடத்தில் வேண்டாம். அவற்றைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்று கருத்தடை செய்வித்து விட்டால், குட்டிகளைக் கொண்டு போய் விடும் தேவையே இராது.

2. பூனை மலங்கழிக்கும் மணலைத் தீனி வைக்கும் இடத்துக்குத் தூரமாக அமைக்க வேண்டும். பூனைக்கு ஒன்றாகத் தனித்தனி மணல் இருத்தல் நலம். தினமும் மலத்தை அள்ளிக் குழியில் புதைத்து, மணலை அடிக்கடி மாற்ற வேண்டும்.

3. அவ்விடத்தைச் சுத்தம் செய்யப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை உபயோகித்து, பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலம்பி, உலர விட வேண்டும். பினாயிலை உபயோகிக்கலாகாது, பூனை அதை மிதித்து உடம்பை நக்கினால் விஷமாகும்.

4. குட்டி ஈன்ற பூனையைக் குட்டிகளோடு தனி அறையிலோ கூடையிலோ மற்றப் பூனைகள் அண்டாமல் வைக்க வேண்டும். முதலில் குட்டிகளுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் பிறகே மற்றவற்றிடம் செல்ல வேண்டும்.

5. நாயின் தட்டும் பூனையின் தட்டும் வேறு வேறாக இருக்கட்டும்.

6. வீட்டில் ஒருவருக்குக் கோவிட் கண்டால், அவர் குணமாகும் வரை பூனையைத் தூக்குவதையும் உடன் படுக்க வைப்பதையும் நிறுத்தி, வேறொருவர் தீனி வைக்க வேண்டும்.

7. பூனைக்குக் காய்ச்சல் என்று மனிதர் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அரை மாத்திரையும் பூனையைக் கொன்றுவிடும். வயிறு பெருத்தாலும், காய்ச்சல் நீடித்தாலும் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

8. இறந்த பூனையை ஏரியிலோ பாழுங்கிணற்றிலோ எறியாமல் ஆழமாய்ப் புதைக்க வேண்டும்.

இவற்றில் பணச் செலவுள்ளது எதுவும் அதிகமில்லை. வேண்டியது சிறிது சுத்தமும் சிறிது சிந்தனையுமே. முன் சொன்ன குடியானவர் அவ்வாண்டு விதை மணிலாவை வெளியில் அதிக விலைக்கு வாங்கித்தான் ஆடிப் பட்டத்தை முடித்தார். கார்த்திகை தீபம் கழிந்து நான் மறுபடி அவ்வூருக்குப் போனபோது, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய இரண்டு பூனைகள் மூட்டைகளின் மேல் படுத்திருந்தன. கொட்டகையின் மூலையில் மணல் நிரப்பிய இரண்டு பழந்தட்டுகள் இருந்தன. "கிரிவலப் பாதையில் விட்ட நான்கையும் போய்த் தேடினேன் ஐயா, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

நம்மை அண்டிப் பிழைக்கும் சிறு பிராணியின் வியாதியைச் சரிவர அறிந்து கொள்வது நமக்கும் லாபம், அதற்கும் க்ஷேமம். குடியானவப் பெருமக்கள் இதனைக் கவனித்து, அண்டை அயலாருக்கும் எடுத்துச் சொல்வார்களாக.